சாப்பிட்டதும் சுவரில் முட்டி நிற்கும் குட்டி

கேள்வி: டாக்டர், எங்கள் ஷீட்ஸு நாய்க்குட்டிக்கு நாலு மாதம் ஆகிறது. கூடப் பிறந்ததெல்லாம் நன்றாக வளர்ந்துவிட்டன, இது மட்டும் கையளவுதான் இருக்கிறது. கறியோ ஈரலோ சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வாயில் எச்சில் ஒழுக, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறது. கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துவிட்டுப் பிறவியிலேயே லிவர் ஷன்ட் என்றார்கள். ஆபரேஷன் செலவை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்கிறார் மாமியார். இயற்கை முறையிலேயே பார்த்துக்கொள்ள முடியாதா?
– வாசகி, திருச்சி

பதில்: சாப்பாட்டாலும் கவனிப்பாலும் நிறையவே செய்ய முடியும், ஆனால் மருந்தை விட்டுவிட்டு அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போய்ச் சுத்தமாகி, அப்புறம்தான் உடம்புக்குப் போக வேண்டும். உங்கள் குட்டிக்குக் குறுக்கே ஒரு ரத்தக்குழாய் இருக்கிறது, அது வழியாக ரத்தம் கல்லீரலைத் தொடாமலே போய்விடுகிறது. லிவர் ஷன்ட் என்பது இதுதான். புரதம் செரிக்கும்போது குடலில் உண்டாகும் அம்மோனியா என்ற நச்சு அப்படியே மூளைக்கு ஏறுகிறது. கறி சாப்பிட்டதும் சுவரில் முட்டுவது அதனால்தான், அதை அடம் என்று நினைத்து யாரும் அதட்டிவிடாதீர்கள்.

கீழாநெல்லி விஷயம். மாமியார் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார், காமாலைக்கு நம் வீடுகளில் அதைத்தானே தேடுவோம். ஆனால் இங்கே கோளாறு ரத்தம் போகும் பாதையில். போதுமான ரத்தம் வராமல் கல்லீரல் சிறுத்துக் கிடக்கிறது, எந்த மூலிகையும் அந்தக் குறுக்குக் குழாயை மூடாது. அதோடு, நீங்கள் கொடுக்கும் மூலிகைச் சாறும் கல்லீரலுக்குப் போகாமல் நேரே உடம்பில் சுற்றும். வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம், உங்கள் கையில் அதிகம் இருப்பது இதுதான். ஈரலையும் ஆட்டுக்கறி, மாட்டுக்கறியையும் இன்றே நிறுத்துங்கள். அதற்காக வெறும் கஞ்சியில் போட்டுவிடாதீர்கள், நிறைய பேர் இங்கேதான் தவறுகிறார்கள். வளரும் குட்டிக்குப் புரதம் கட்டாயம் வேண்டும். அம்மோனியாவை ஓரளவு சமாளிப்பது தசையும்தான், பட்டினி போட்டால் அந்தத் தசையே கரைந்துவிடும். கறிப் புரதத்தைவிட முட்டை, பால், சோயா புரதம் இந்தக் குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளும். குழைய வேகவைத்த சாதம், அவித்த முட்டை, உப்புப் போடாமல் வீட்டில் எடுத்த பனீர், கொஞ்சம் பூசணிக்காய் என்று ஆரம்பியுங்கள். எடைக்கு ஏற்ற அளவையும், சேர்க்க வேண்டிய கால்சியம், வைட்டமினையும் உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கண்ணளவு போதாது. ஒரே வேளையில் வயிறு நிறையக் கொடுக்காமல் நாளுக்கு நாலு முதல் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

லேக்டுலோஸ் சிரப் எழுதியிருப்பார்கள். மலம் இளகத்தானே என்று நிறுத்திவிடாதீர்கள், அம்மோனியாவை ரத்தத்தில் ஏறவிடாமல் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளுவது அதுதான். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகலாகப் போனால் அளவு சரி. தண்ணீராகப் போனால் உடம்பு வற்றும், மலச்சிக்கல் வந்தால் அம்மோனியா ஏறும், இரண்டுமே மயக்கத்தில் கொண்டுபோய் விடும். தினமும் மலத்தைப் பார்ப்பதை அருவருப்பாக நினைக்காதீர்கள்.

கொக்கிப்புழுவையும் மறக்கக் கூடாது. அது குடலில் கசியவிடும் ரத்தமும் புரதம்தான், கறி சாப்பிட்ட மாதிரியேதான் வேலை செய்யும். புழு மருந்து, உண்ணி மருந்து, மயக்க ஊசி, எதுவானாலும் கொடுப்பதற்கு முன்னால் 'இதற்கு லிவர் ஷன்ட்' என்று சொல்லிவிடுங்கள், முடி வெட்டும் இடத்திலும் சேர்த்து. வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ வாயில் எதையும் ஊற்றாமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஆபரேஷன் பற்றிச் சொல்கிறேன். ஷீட்ஸு மாதிரிச் சின்ன இனங்களில் அந்தக் குழாய் பெரும்பாலும் கல்லீரலுக்கு வெளியே இருக்கும், அது நல்ல சேதி. அதைச் சுற்றி ஒரு வளையம் மாட்டுவார்கள், அது சில வாரங்களில் மெல்ல மெல்லக் குழாயை மூடும். சட்டென்று மூடினால் குடல் பக்கம் ரத்த அழுத்தம் எகிறிவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. இப்படிச் செய்த குட்டிகளில் பெரும்பாலானவை நன்றாகத் தேறி வாழ்கின்றன. அதனால் முடியாது என்று முடிவெடுப்பதற்கு முன்னால் நாமக்கல் அல்லது சென்னை வேப்பேரி அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அறுவை சிகிச்சைப் பிரிவில் ரிப்போர்ட்டைக் காட்டி ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவரை சாப்பாடும் மருந்தும் குட்டியைத் தேற்றி வைக்கும், ஆபரேஷனுக்கு எப்படியும் அது தேவை.

ஒருவேளை பணமோ சூழ்நிலையோ இடம் கொடுக்கவில்லை என்றால் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். உணவையும் மருந்தையும் வைத்தே சில வருடங்கள் வாலாட்டிக்கொண்டு திரிந்த நாய்களும் உண்டு.

அப்புறம், குட்டி வாங்கிய இடத்தில் இதைச் சொல்லிவிடுங்கள். சில இனங்களில் இது பரம்பரையாக வருகிறது, அதே ஜோடியை மறுபடி இணை சேர்க்கக் கூடாது.