உணவாலும் வாழ்க்கை முறையாலும் பெண்ணின் கருத்தரிப்புத் திறனை இயற்கையாக மேம்படுத்த முடியுமா?

உங்களுக்கு 31 வயது என்றும், மணமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறதென்றும், மாதவிடாய் சில நேரம் 45 நாள் வரை தள்ளிப்போகிறதென்றும் கூறி, மாத்திரை, ஊசி இல்லாமல் சாப்பாட்டிலும் பழக்கவழக்கத்திலும் எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் உணவு ஆலோசகராகப் பணிபுரியும் எனக்கு இது பழகிய கேள்வி. முடியும் என்பதே என் பதில். ஆனால் எல்லாருக்கும் அன்று. உணவு, உறக்கம், உடற்பயிற்சி ஆகியவை பெரிதும் கைகொடுப்பது, கருமுட்டை மாதாமாதம் ஒழுங்காக வெளிவராத பெண்களுக்குத்தான். கருக்குழாய் அடைத்திருந்தாலோ, கணவரின் விந்தணுக்கள் குறைந்திருந்தாலோ, எந்தக் கீரையும் அதைச் சரிசெய்யாது.

நாள் தள்ளிப்போவதைப் பார்த்தால் உங்களுக்கு முட்டை வெளிவருவதில்தான் சிக்கல் இருக்கக்கூடும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), தைராய்டு குறைபாடு, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனின் மிகுதி ஆகிய மூன்றில் எது காரணம் என்பதை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பெரும்பாலும் காட்டிவிடும். தைராய்டு என்றால் மாத்திரையைத் தவிர்க்க நினைக்காதீர்கள். பிசிஓஎஸ் என்றால் உணவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஏனெனில் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகுதியான இன்சுலின் சினைப்பையில் ஆண் ஹார்மோனைக் கூட்டுவதால், முட்டை முழுதாக முதிர்ந்து வெளிவராமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. உடல் பருமனாக உள்ளவர்கள் தம் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை மீண்டும் வெளிவரத் தொடங்குகிறது. 72 கிலோ உள்ளவருக்கு இது சுமார் மூன்றரை கிலோவில் தொடங்கும் கணக்கு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் எடை மிகுந்தவர்கள் என்பதால், இது யாரோ சிலருடைய பிரச்சினை அன்று. அதே சமயம், மிகவும் மெலிந்திருப்பவர்களுக்கும் முட்டை வெளிவருவது நின்றுபோகும். அவர்கள் எடையைக் கூட்ட வேண்டும்.

என்ன சாப்பிடுவது என்பதற்குப் பட்டியல் தருவதைவிட ஓர் உணவுக் குறிப்பேட்டைக் காட்டுகிறேன். பழைய மாமல்லபுரம் சாலையில் இரவுப் பணி பார்க்கும் ஒரு பெண் எழுதிவந்தது இது: காலை 11 மணிக்குச் சர்க்கரை தூக்கலாக ஃபில்டர் காபி, 2 மணிக்குத் தட்டு நிறையச் சாதம், சாம்பார், இரண்டு கரண்டி உருளைக்கிழங்கு, மாலையில் கேன்டீன் பஃப்ஸும் டீயும், நள்ளிரவில் பரோட்டா. "நான் அதிகமாவே சாப்பிடறதில்லை மேடம்" என்றார், அது உண்மைதான். ஆனால் ஒரு நாள் முழுவதிலும் புரதம் என்று சொல்லும்படியாகச் சாம்பார்ப் பருப்பு மட்டுமே இருந்தது. நாங்கள் மாற்றியவை பெரியவை அல்ல. சாதத்தைப் பாதியாக்கி, அவரைக்காயோ கீரையோ இரண்டு பங்காக்கி, கூடவே முட்டையோ மத்தி மீனோ சேர்த்தோம். பஃப்ஸுக்குப் பதில் சுண்டல். நள்ளிரவில் பரோட்டாவுக்குப் பதில் வீட்டிலிருந்து எடுத்துச்சென்ற பாசிப்பயறு அடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை. பகலில் உறங்கினாலும் இருட்டிய அறையில், ஒரே நேரத்தில் உறக்கம். சில மாதங்களில் அவருடைய மாதவிடாய் ஒழுங்குக்கு வந்தது. கருத்தரிப்பதற்கோ கணவருடைய சிகிச்சையும் தேவைப்பட்டது.

பஃப்ஸை நான் குறிவைத்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, வனஸ்பதி போன்றவற்றில் உள்ள டிரான்ஸ் கொழுப்பைக் குறைவாகவும் பயறு போன்ற தாவரப் புரதத்தை மிகுதியாகவும் உண்டவர்களிடம் முட்டை வெளிவராமையால் ஏற்படும் குழந்தையின்மை குறைவாக இருந்ததென 2007ஆம் ஆண்டு காட்டியது. அது தொடர்பைக் காட்டியதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை. இந்தியாவில் 2022 முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்புக்கு 2 சதவீத உச்சவரம்பு இருக்கிறது. ஆனாலும் மைதாவும் வனஸ்பதியும் சேர்ந்த பண்டத்தைத் தினசரி வழக்கமாக்க வேண்டியதில்லை.

எல்லாருக்கும் பொருந்துவது ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமின் மாத்திரை. கருத்தரிக்க முயலத் தொடங்கியதுமே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது. குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படையான நரம்புக்குழல், கரு உருவாகி 28 நாட்களுக்குள், அதாவது நாள் தள்ளிப்போனதைப் பெண் உணரும் அந்தச் சமயத்திலேயே மூடிவிடுகிறது. மாத்திரை வேண்டாம் என்ற உங்கள் விருப்பத்துக்கு இதிலும் இடம் கொடுக்க மாட்டேன். நீரிழிவோ மிகுந்த உடல் பருமனோ இருந்தால் அளவை மருத்துவர் கூட்டுவார். ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள்; முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்வது நல்லது, சாப்பிட்டு முடித்ததும் காபி குடித்தால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். காபியை விடச் சொல்ல மாட்டேன். இரண்டு டம்ளருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சித்த மருத்துவத்தில் வழங்கும் கழற்சிக்காய்ப் பொடியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதை நம்பிப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆய்வுகள் இல்லை. சித்த மருத்துவம்தான் வேண்டுமென்றால், காணொளி பார்த்து வாங்காமல், அரும்பாக்கம் அரசு இந்திய மருத்துவமனை போன்ற இடத்தில் பட்டம் பெற்ற மருத்துவரிடம் செல்லுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும் மற்ற மருந்துகளையும் அவரிடம் சொல்லுங்கள். சஷ்டி விரதம் இருப்பவர்களை நான் தடுப்பதில்லை; பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் இனிப்பும் பலகாரமுமாக ஈடுகட்டுவதைத்தான் தடுக்கிறேன்.

எந்த மாற்றத்துக்கும் மூன்று மாதமாவது கொடுங்கள், ஏனெனில் ஒரு முட்டை முதிர்வதன் இறுதிக்கட்டமே ஏறத்தாழ அவ்வளவு காலம் எடுக்கும். அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதையாக இரண்டாம் வாரமே பலன் தேட வேண்டாம். இதற்கிடையே நாட்களைக் கணக்கிடுவதிலும் பலர் தடுமாறுகிறார்கள். 14ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்குரிய கணக்கு. முட்டை பொதுவாக அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்னதாக வெளிவருவதால், 45 நாள் சுழற்சியில் அது 31ஆம் நாள் வாக்கில் நிகழலாம். கருத்தரிக்க வாய்ப்புள்ளவை முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான். வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கருபோல வழுவழுப்பாக மாறுவது அதற்கான அடையாளம். ஒழுங்கற்ற சுழற்சியில் தேதியைத் துல்லியமாகக் கணிப்பதைவிட, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருப்பதே எளிது.

பாதுகாப்பின்றி முயன்றும் 12 மாதத்தில், 35 வயதைத் தாண்டியவர்களுக்கு 6 மாதத்தில், கருத்தரிக்கவில்லையென்றால் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. சுழற்சி ஒழுங்கற்றிருப்பதே முன்கூட்டிச் செல்லவும் போதுமான காரணம். ஆகவே உணவு மாற்றமும் பரிசோதனையும் ஒருசேர நடக்கட்டும். செலவு தடையானால் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்குச் செல்லலாம். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று உறவினர்கள் பெண்ணிடமே கேட்டாலும், குழந்தையின்மைத் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் காரணமும் சேர்ந்திருக்கிறது. விந்தணுப் பரிசோதனை எளியது, வலியற்றது. உங்களுக்கு ஸ்கேன் எடுக்கும் வாரத்திலேயே கணவரும் அதைச் செய்துகொள்ளட்டும். அதற்கு முன் 2 முதல் 7 நாட்கள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும் என்பதால், தேதியை இருவரும் சேர்ந்தே குறித்துக்கொள்ளுங்கள்.