கோலாலம்பூர் புழுக்கத்தில் ஓடிப் பழகியவர்கள் குளிர்நாட்டு மாரத்தானில் ஓட முடியுமா?

கோலாலம்பூரில் இரண்டு ஆண்டுகளாக ஓடிவருகிறீர்கள், மார்ச் மாதம் தென்கொரியாவின் சியோல் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள், மூன்று நான்கு டிகிரிக் குளிரை உடம்பு தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கும். ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தக் குளிர் உங்களுக்குத் துணைதான். தொடங்குவதற்கு முன்னால் நிற்கும் நேரத்துக்கும் முடித்த பிறகு வரும் முதல் கால்மணிக்கும்தான் நீங்கள் தயாராக வேண்டும். எங்கள் ஓட்டக் குழுவிலிருந்து ஏழு பேர் அங்கே போய் ஓடிவிட்டு வந்தோம். இந்த இரண்டு இடங்களிலும் தவறியவர்கள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஓடும் உடம்பு எரிகிற அடுப்பு மாதிரி. செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ கால்பங்குதான் நம்மை முன்னே நகர்த்துகிறது, மீதி சூடாகிவிடுகிறது. நாங்கள் தித்திவங்சா ஏரிக்கரையில் விடியற்காலை ஐந்தரைக்கு, இருட்டிலேயே தொடங்குவோம். அந்த நேரத்திலும் 24, 25 டிகிரி இருக்கும். காற்று முழுக்க ஈரம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே அது சொட்டி வீணாகிறது. இதயம் கால்களுக்கும் இரத்தம் அனுப்பி, சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்பி இரட்டை வேலை செய்கிறது. குளிரில் அந்த இரண்டாவது வேலை பெருமளவு குறைந்துவிடும். இங்கே ஒரு கிலோமீட்டருக்கு ஆறேமுக்கால் நிமிடம் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்கிய நான், சியோலில் ஆறேகால் நிமிடத்தில் பேசிக்கொண்டே ஓடினேன்.

இந்த நாட்டில் குளிருக்கு எங்கே பழகுவது? ஒரு வார இறுதியில் கேமரன் மலைக்குப் போனோம். தானா ராத்தாவில் விடியற்காலையில் ஓடியது இனிமையாக இருந்தது, ஆனால் அது சியோல் குளிர் ஆகாது. உண்மையாக உதவியது எங்கள் குழுவில் இருக்கும் ஒரு தம்பியின் அனுபவம். அவர் உறைந்த மீன் வைக்கும் கிடங்கில் வேலை பார்க்கிறார். அங்கே மைனஸ் 18 டிகிரி. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து செந்தூலில் தோசையும் தே தாரிக்குமாகப் பசியாறும்போது எங்களுக்குப் பாடமே நடத்தினார். தடித்த உடை ஒன்றைவிட மெல்லியவை இரண்டு மேல். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு உங்களையே உறைய வைக்கும். "விரலைக் காப்பாற்றுங்கள் அக்கா. விரல் மரத்துப்போனால் ஜிப்பைக்கூட இழுக்க முடியாது" என்றார். அந்த வார்த்தையின் அருமை எனக்கு அங்கே போய்த்தான் விளங்கியது.

உடைக்காகப் பெரிதாகச் செலவழிக்காதீர்கள். பழைய துணி விற்கும் பண்டல் கடையில் ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கினோம். எனக்கு ஐந்து வெள்ளி ஆனது. தொடங்கும் இடத்தில் மேலே போட்டுக்கொண்டு நின்று, கிளம்பும்போது கழற்றிவிடுவதற்கு. ஓடும்போது மெல்லிய முழுக்கைச் சட்டை, அதன்மேல் குழுச் சட்டை, கையுறை, காதை மூடும் பட்டை. இவ்வளவு போதும். நின்றிருக்கையில் இதமாக இருக்கும் உடை ஐந்தாவது கிலோமீட்டரில் புழுங்கும்; சற்றே குளிர்கிற அளவுக்கு உடுத்துவதுதான் சரி.

இப்போது எங்கள் முதல் தவறு. பந்தயம் குவாங்வாமுன் சதுக்கத்தில் காலை எட்டு மணி வாக்கில் தொடங்குகிறது. அட்மிரல் யி சுன்-சின் சிலைக்குப் பக்கத்தில் ஏழு பேரும் படம் எடுத்துக்கொண்ட மகிழ்ச்சியில் பைகளைச் சீக்கிரமே ஒப்படைத்துவிட்டோம். அந்தப் பைகள் வண்டியில் ஏறி முடிவிடத்துக்குப் போய்விடும், ஓடி முடிக்கும்வரை திரும்பக் கிடைக்காது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கட்டடங்களுக்கு நடுவே வீசிய காற்றில் நின்றோம். கம்பளிச் சட்டை மேலுடம்பைக் காத்தது, கால்கள் கட்டைகளாகிவிட்டன. உள்ளூர்க்காரர்கள் முழங்கால் வரைக்கும் பெரிய பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு அசையாமல் நின்றார்கள். காற்றைத் தடுக்க அதைவிட மலிவான வழி கிடையாது. குப்பைக்குப் போடும் பெரிய பிளாஸ்டிக் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டுக்கொண்டாலும் சரிதான். பையைக் கடைசி நேரத்தில் கொடுங்கள், அதுவரை நடந்துகொண்டே இருங்கள்.

ஓட்டத்தில் ஒரு பெரிய ஆபத்து உண்டு: மூச்சு இலகுவாக வருவதால் வேகம் தெரியாமல் கூடிவிடும். எனக்குத் துணையாக ஓடிய அக்கா நான்காவது கிலோமீட்டரிலேயே என் கையைப் பிடித்து, "மூச்சை நம்பாதே, கடிகாரத்தைப் பார்" என்றார். அவர் மட்டும் இல்லையென்றால் அன்று நான் முப்பதாவது கிலோமீட்டரில் நின்றிருப்பேன். குழுவோடு போவதன் பலன் இதுதான் என்று நான் நம்புகிறேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களைப் பார்த்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், உங்களுக்கு முன்பாகவே அவருக்கு உங்கள் தவறு தெரிந்துவிடும்.

தாகமும் அப்படித்தான் ஏமாற்றும். குளிரில் தாகமே எடுக்காது, ஆனால் உடம்பு நீரை இழந்துகொண்டுதான் இருக்கும். தண்ணீர் கொடுக்கும் நிலையம் வந்தால் இரண்டு மிடறாவது குடியுங்கள். ஓடும்போது தெம்புக்காக உறிஞ்சும் ஜெல் பொட்டலம் குளிரில் இறுகிவிடும். கையுறைக்குள் வைத்திருந்தால் இளகும். ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழாயை இறுக்கும்.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டர் வாக்கில் ஹான் நதிக்கு மேலே ஜாம்சில் பாலம் வரும். ஓடத் தொடங்கியதிலிருந்து இல்லாத காற்று அங்கே இருந்தது. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தவர்கள் எல்லாரும் மறுபடி மாட்டிக்கொண்டார்கள். பாலம் தாண்டினால் முடிவிடம் நெருங்கிவிடும். 1988 ஒலிம்பிக் நடந்த அரங்கம் அங்கேதான் இருக்கிறது. கொரியரான சோன் கீ-சோங் 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் வென்றபோது, கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்ததால், ஜப்பான் அணிக்காகத்தான் ஓட வேண்டியிருந்தது. அவரே 1988இல் ஒலிம்பிக் தீபத்தை ஏந்தி அந்த அரங்கத்துக்குள் ஓடிவந்தார். கடைசி இரண்டு கிலோமீட்டரும் அவரை நினைத்துக்கொண்டே ஓடினேன்.

இரண்டாவது தவறு எல்லைக்கோட்டுக்கு அப்பால் நடந்தது. எங்கள் குழுவின் மூத்தவர், 61 வயது அண்ணன், எனக்கு முன்னால் முடித்துவிட்டு எல்லாருடனும் படம் எடுக்க வேண்டும் என்று நனைந்த சட்டையோடு காத்திருந்தார். ஓட்டம் நின்றதும் அடுப்பு அணைந்துவிடும். ஈரத்துணி மட்டும் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நான் போனபோது அவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து உடம்பெல்லாம் உதற நடுங்கிக்கொண்டிருந்தார். பேச்சு குழறியது. பையைத் திறக்க விரல் மடங்கவில்லை. நடுக்கத்தோடு பேச்சும் குழறினால் தாமதிக்கவே கூடாது; இரண்டு பேராகத் தாங்கி மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப்போனோம். ஈரத்தைக் களைந்து, போர்வையில் சுற்றி, சூடாகக் குடிக்கக் கொடுத்தார்கள்.

ஆகவே உங்கள் பையில் மேலாக இருக்க வேண்டியவை: காய்ந்த உள்சட்டை, தடித்த மேற்சட்டை, தொப்பி, காலுறை. முடித்ததும் நேரே பைக்குப் போங்கள், உடை மாற்றுங்கள், பிறகு மற்றவர்களைத் தேடுங்கள். நாங்கள் இப்போது இதைக் குழு விதியாகவே வைத்திருக்கிறோம்.

அண்ணனுக்கு நடுக்கம் அடங்க அரைமணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் தன் பதக்கம் எங்கே என்று கேட்டார்.