அடுக்கு எஃகுக் கத்தியின் அலகில் கோடு வளைந்து ஓடினால் அது பழுதா?

புதிதாக வாங்கிய அடுக்கு எஃகுக் கத்தியில், வெட்டும் வாய்க்குச் சற்று மேலே ஓடும் கோடு வளைந்து நெளிந்து போகிறது, ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கிறது, அங்கங்கே கரும்புள்ளிகளும் தெரிகின்றன, திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதற்குத் தேவை இருக்காது.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் இன்று அடிக்கப்படும் அரிவாள்களில் பெரும்பாலானவை லாரிப் பட்டையிலிருந்து, அதாவது லாரியின் அடியில் இருக்கும் வில் தகடுகளிலிருந்து வருபவை. அது முழுவதும் ஒரே எஃகு என்பதால் அலகில் கோடே விழாது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உங்கள் கத்தி குறையுள்ளதாகத் தோன்றுவது இயல்புதான். அம்பாசமுத்திரத்துக்கு அருகே பட்டறை வைத்திருந்த என் தாத்தா, எஃகு விலை கூடிய பொருளாக இருந்த காலத்தில், பனையேறிகளின் பாளை அரிவாளுக்கு இரும்பின் வாயைப் பிளந்து நடுவில் எஃகுத் துண்டைச் செருகி, வெண்காரம் தூவி, உலையில் வெளுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டுவார். சுவீடனிலும் ஜப்பானிலும் செய்யப்படும் அடுக்குக் கத்திகளின் அடிப்படையும் இதுவே: நடுவில் கரிமம் மிகுந்த கடினமான எஃகு, இருபுறமும் எளிதில் முறியாத மென்மையான இரும்பு. இவ்விரண்டும் சந்திக்கும் இடமே அலகில் கோடாகத் தெரிகிறது.

அடிக்கும்போதோ உருளையில் நசுக்கும்போதோ மூன்று அடுக்குகளும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் மெலிவதில்லை. பிறகு வாயைச் சாய்வாகத் தேய்க்கையில் அந்தச் சிறு வேறுபாடு பெரிதாகிக் கண்ணில் படுகிறது. ஒரு பக்கச் சாய்வு 10 பாகை என்று வைத்துக்கொண்டால், நடு அடுக்கு வெறும் 0.1 மில்லிமீட்டர் வலப்புறம் ஒதுங்கியிருந்தாலே, வலப்பக்கக் கோடு அரை மில்லிமீட்டருக்கு மேல் உயரும், இடப்பக்கக் கோடு அதே அளவு தாழும். நீங்கள் காண்பது இதைத்தான். வெட்டும் திறன் இதனால் குறையாது. கோட்டை ஒட்டி மங்கலான பட்டை தெரிந்தால், ஒட்டும் சூட்டில் எஃகின் கரிமம் சிறிது இரும்புக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். தேய்க்கப்படாத பக்கங்களில் உள்ள கரும்புள்ளிகள் பெரும்பாலும் உலைச் செதில், அதாவது சூட்டில் இரும்பின் மேல் உண்டாகும் கருந்தோல், அழுந்திய சிறு குழிகள். அவற்றைப் போக்க வேண்டுமென்று அலகைத் தேய்த்து மெலிய வைக்காதீர்கள்.

கவலைப்பட வேண்டியவை இரண்டே. ஒன்று, கோடு எங்காவது வாயையே தொட்டுவிடுவது. அந்த இடத்தில் வெட்டுவது மென்மையான இரும்பு. எத்தனை முறை சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. எலுமிச்சைச் சாற்றைத் தடவிச் சில நிமிடங்கள் விட்டுக் கழுவினால் இரு உலோகங்களும் வேறு வேறு நிறம் காட்டும். நுனி முதல் அடி வரை, இரு பக்கமும், வாயில் எஃகின் நிறமே தொடர்ந்து வர வேண்டும். மற்றொன்று, அடுக்குகள் ஒட்டாமல் பிளந்திருப்பது. கோட்டின் மேல் மண்ணெண்ணெய் தடவிச் சற்றுப் பொறுத்து, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்குக்கட்டித் தூளைத் தூவுங்கள். பிளவு இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து தூளில் ஈரக்கோடாகத் தெரியும். இந்த இரண்டில் ஒன்று தென்பட்டால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் பூசி, சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.