வரலாற்றாசிரியரின் ஆவணப்படம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். முனைவர் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. என் ஆய்வின் ஒரு பகுதியை ஆவணப்படமாக எடுக்க விரும்புகிறேன். துறையின் மூத்தவர்கள் வேண்டாம் என்கிறார்கள். பதவி உயர்வுக் குழு கட்டுரையையும் நூலையும்தான் பார்க்கும், படம் எடுத்தால் ஆய்வை விட்டுவிட்டதாக நினைப்பார்கள் என்பது அவர்கள் வாதம். படத்துறை நண்பர்களோ, பேராசிரியர்கள் எடுப்பது படமாக இருக்காது, படம்பிடித்த வகுப்பாகத்தான் இருக்கும் என்கிறார்கள். இரண்டையும் ஒருவரே செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

முடியும். ஆனால் மூத்தவர்கள் சொல்வதை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். கட்டுரையை மதிப்பிடுபவருக்கு அடிக்குறிப்புகள் இருக்கின்றன. மேற்கோளைச் சரிபார்க்கலாம், எந்தச் சான்று விடுபட்டது என்று கேட்கலாம். திரையில் இவை எதுவும் தெரிவதில்லை. படத்துக்கும் அடிக்குறிப்பு உண்டு என்று காட்டவேண்டிய பொறுப்பு அதை எடுக்கும் வரலாற்றாசிரியருடையது. பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

படம் வரலாற்றுக்குள் வருமா என்ற கேள்வி சினிமாவளவு பழையது. 1898இலேயே போலந்து ஒளிப்பதிவாளர் போலெஸ்லாவ் மட்டுஷெவ்ஸ்கி பாரிசில் ஒரு சிறுநூல் வெளியிட்டு, படச்சுருளை வரலாற்றுச் சான்றாகக் கருதிக் காப்பகத்தில் சேர்க்கவேண்டும் என்று வாதிட்டார். 1988 டிசம்பரில் அமெரிக்கன் ஹிஸ்டாரிகல் ரிவ்யூ என்ற வரலாற்று ஆய்விதழ் இதைப் பற்றிய விவாதம் ஒன்றையே வெளியிட்டது. வரலாற்றாசிரியர்கள் ராபர்ட் ரோசன்ஸ்டோனும் ஹேடன் வைட்டும் அதில் எழுதினார்கள். வரலாற்றாசிரியர் நடாலி ஜீமன் டேவிஸ் 16ஆம் நூற்றாண்டு பிரான்சில் நடந்த ஆள்மாறாட்ட வழக்கைப் பற்றிய கதைப்படத்துக்கு ஆலோசகராக இருந்தார். பிறகு அதே வழக்கை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1983இல் ஆங்கிலத்தில் வந்தது. படத்தில் இடம் கிடைக்காத ஐயங்களுக்கு நூல் இடம் தந்தது. அவர் போன வழி உங்களுக்கும் உதவும்: படத்தோடு சேர்த்து எழுத்தும் வரட்டும்.

அது ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்கு போதும். ஆங்கில வர்ணனை நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 சொற்கள் ஓடும். 50 நிமிடப் படத்தில் இடைவிடாமல் பேசினாலும் 7000 சொற்கள்தான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே இன்னும் குறையும். நேர்காணல், சூழல் ஒலி, அமைதி எல்லாம் போக வர்ணனைக்கு 3000 சொற்கள் மிஞ்சினால் அதிகம். ஓர் ஆய்வுக்கட்டுரையோ 8000 முதல் 10,000 சொற்கள் வரை போகும். கட்டுரை முழுவதையும் படத்துக்குள் திணிக்கும்போதுதான் உங்கள் நண்பர்கள் சொல்லும் ‘படம்பிடித்த வகுப்பு’ பிறக்கிறது. ஒரு படத்துக்கு ஒரு கேள்வி போதும். திரைக்கதையை இரண்டு நெடுவரிசையாக எழுதுங்கள். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி. வலப்பக்கத்தை மறைத்துவிட்டு இடப்பக்கத்தை மட்டும் படியுங்கள். எதுவும் நகரவில்லை என்றால் உங்களிடம் இருப்பது இன்னும் கட்டுரைதான்.

அடிக்குறிப்புக்கு வருகிறேன். முதல் நாளே ஒரு விரிதாளைத் திறங்கள். ஒரு ஷாட்டுக்கு ஒரு வரிசை. அதில் டைம்கோட் (படத்தில் அந்த ஷாட் வரும் நேரம்), காட்சியில் இருப்பது, எந்தக் காப்பகம், என்ன வரிசை எண், எடுக்கப்பட்ட தேதி, அந்தத் தேதி உறுதியானதா ஊகமா, உரிமை யாரிடம், அனுமதி எந்த நிலையில், அதன் மேல் ஓடும் வர்ணனை வரி, அந்த வரிக்கான சான்று. சராசரியாக ஒரு ஷாட் 6 விநாடி என்றால் 50 நிமிடத்துக்கு 500 வரிசைகள். கடைசியில் செய்துகொள்ளலாம் என்று விட்டவர்களால் இதைச் செய்யவே முடிவதில்லை. தொகுப்பின் நடுவே கோப்புகளின் பெயர் மாறியிருக்கும், எந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது. கேமரா தந்த கோப்புப்பெயரை மாற்றாதீர்கள்; காப்பகப் படங்களுக்குக் காப்பக எண்ணையே பெயரின் முன்னால் சேருங்கள். பதவி உயர்வுக் குழுவின் முன் வைக்கவேண்டிய அடிக்குறிப்பிட்ட திரைக்கதை இந்த விரிதாளிலிருந்துதான் உருவாகும்.

பழைய படத்துண்டுகளை அவற்றின் தலைப்பை நம்பி எடுத்தாளக்கூடாது. முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சின் சோம் போர்முனையில் பிரித்தானியர் எடுத்த படத்தில், வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாயும் புகழ்பெற்ற காட்சி பயிற்சித்தளத்தில் நடித்து எடுக்கப்பட்டது. இன்றும் அது உண்மைத் தாக்குதலாகவே பல படங்களில் ஓடுகிறது. வேகமும் ஏமாற்றும். மௌனப்படக் காலத்தில் விநாடிக்கு 16 சட்டகங்களில் எடுத்ததை 24இல் ஓட்டினால் நடை ஒன்றரை மடங்கு வேகமாகிறது. மக்கள் கோமாளிகளைப் போல ஓடுகிறார்கள். வேகம் திருத்தாத மூல ஸ்கேனையே காப்பகத்திடம் கேட்டு, சரியான வேகத்தை நீங்களே முடிவு செய்யுங்கள்.

புகைப்படங்களில் வேறு சிக்கல். 4கே சட்டகத்தின் அகலம் 3840 பிக்சல். ஒரு புகைப்படத்தின் பாதி அகலம் வரை நெருங்கிச் செல்ல 7680 பிக்சல் தேவை. 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் 3600தான் கிடைக்கும், முழுப்படத்தைக் காட்டவே போதாது. 1200 டிபிஐ என்றாலும் 7200தான், அதற்கும் கொஞ்சம் குறைகிறது. பின்பக்கத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள். தேதியும் படம் எடுத்தவர் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நேர்காணலில் படத்தைவிட ஒலி முக்கியம். காலர் மைக் வையுங்கள். பதிவின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்; ஒலிப்பதிவுக் கருவியின் அளவுமானியில் ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கவேண்டும். விசிறியையும் குளிர்சாதனப்பெட்டியையும் நிறுத்துங்கள். அவற்றின் இரைச்சல் அடியில் ஏறி இறங்கி ஓடினால், வெட்டும் இடமெல்லாம் காதில் விழும். பேச்சு முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் ஒலியைப் பதியுங்கள். உங்கள் குரல் படத்தில் வராது என்பதால் கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்புதல் கடிதம் இரண்டு வேண்டும்: படத்தில் பயன்படுத்த ஒன்று, முழுப் பதிவையும் காப்பகத்தில் சேர்க்க ஒன்று. படத்தில் 4 நிமிடமே வரும் ஒருவரின் இரண்டு மணிநேரப் பேச்சு, நாளைய ஆய்வாளருக்கு உங்கள் படத்தைவிடப் பெரிய செல்வமாக அமையலாம்.

ஒன்றில் நான் கண்டிப்பானவன். ஒருவர் தொடக்கத்தில் சொன்ன வாக்கியத்தையும் ஒரு மணிநேரம் கழித்துச் சொன்னதையும் ஒட்டி, ஒட்டிய இடத்தை ஒரு புகைப்படத்தால் மறைப்பது தொகுப்பறையில் அன்றாட வழக்கம். எழுத்தில் மேற்கோளுக்குள் மூன்று புள்ளி வைப்போம். இங்கே அந்தப் புள்ளிகள் தெரியாது. நேர்காணலின் எழுத்துப்படியில் ஒவ்வொரு வெட்டையும் குறித்துவையுங்கள். பொருள் மாறுகிறது என்று தோன்றினால் எவ்வளவு அழகான வெட்டானாலும் விட்டுவிடுங்கள்.

முதல் வெட்டு, அதாவது தொகுத்த படத்தின் முதல் வடிவம், தயாரானதும், திட்டத்தில் சேராத இரு வரலாற்றாசிரியர்களுக்கு அடிக்குறிப்பிட்ட திரைக்கதையோடு அனுப்பி எழுத்தில் கருத்துக் கேளுங்கள். படத்தொகுப்பைப் பூட்டுவதற்கு, அதாவது இனி மாற்றமில்லை என்று முடிவு செய்வதற்கு, முன்பே இது நடக்கவேண்டும். பூட்டிய பின் ஒரு வரி மாறினாலும் ஒலிக்கலவை, நிறத்திருத்தம், சப்டைட்டில் மூன்றையும் தொடவேண்டிவரும். அவர்கள் கருத்தும் உங்கள் திருத்தங்களும் குழுவுக்கான கோப்பில் இடம்பெறட்டும்.

உரிமைகளில், திரைவிழாவுக்கு மட்டும் மலிவாக அனுமதி வாங்கிவிட்டு, ஒளிபரப்பு வாய்ப்பு வரும்போது பின்னணி இசைக்குப் புதிதாகப் பணம் கட்ட முடியாமல் முடங்கிய படங்கள் பல. எந்த ஊடகம், எந்த நாடுகள், எத்தனை ஆண்டுகள் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். படத்தின் உரிமை உங்களுக்கா நிறுவனத்துக்கா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

முதல் படம் 10, 12 நிமிடம் போதும். ஏற்கனவே வெளியாகி மதிப்பாய்வு கண்ட உங்கள் கட்டுரை ஒன்றிலிருந்து எடுங்கள். நடந்துகொண்டிருக்கும் ஆய்வு வேண்டாம், புதிதாக ஓர் ஆவணம் கிடைத்தால் முடிந்த படமே பொய்யாகிவிடும். அந்தக் கட்டுரையை அச்செடுத்து, கண்ணால் காட்டவோ காதால் கேட்கவைக்கவோ சான்று உள்ள வரிகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகூடத் தேறவில்லை என்றால் வேறு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள்.