எந்த வரைபடத்தில் பார்க்கிறீர்கள்? ஜீனோம் பிரௌசர் கேள்வி-பதில்

ஜீனோம் என்பது ஓர் உயிரின் முழு டிஎன்ஏ தொடர். அதை வரைபடம் போலத் திரையில் காட்டும் மென்பொருள்தான் ஜீனோம் பிரௌசர். இந்த முறை அதைப் பற்றி வந்த கேள்விகள் பலவும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நின்றன. ஆகவே அதைச் சொல்ல வாய்ப்புத் தரும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு மாணவி நான். புராஜெக்ட், ரத்தத்தின் ஹீமோகுளோபினில் வரும் மரபு மாற்றமான ஹீமோகுளோபின் ஈ பற்றியது. பழைய கட்டுரை ஒன்றில் அந்த மாற்றத்தின் இடம் 11ஆம் குரோமோசோம், 5,248,173 என்று இருக்கிறது. யுசிஎஸ்சி என்ற இணைய ஜீனோம் பிரௌசரில் அந்த எண்ணைப் போட்டால், அந்த மாற்றம் இருக்க வேண்டிய எச்பிபி மரபணுவையே காணோம். கட்டுரையில் பிழையா?

கட்டுரையிலும் பிழையில்லை, உங்களிடமும் பிழையில்லை. வரைபடம்தான் வேறு. மனித ஜீனோமுக்கு ஒரே ஒரு நிரந்தர வரைபடம் கிடையாது. 2009இல் வந்தது எச்ஜி19. 2013 டிசம்பரில் வந்தது எச்ஜி38. இடைவெளிகளை நிரப்பியும் தவறுகளைத் திருத்தியும் புதியதைச் செய்தபோது எண்கள் நகர்ந்துவிட்டன. உங்கள் கட்டுரை எச்ஜி19 எண்ணைத் தருகிறது. பிரௌசர் திறந்ததும் காட்டுவது எச்ஜி38. அதில் அதே மாற்றத்தின் இடம் 5,226,943.

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளை நினைத்துப் பாருங்கள். ஒரே புளோக் எண் அங் மோ கியோவிலும் இருக்கும், பிடோக்கிலும் இருக்கும். பேட்டையின் பெயர் சொல்லாமல் புளோக் எண்ணை மட்டும் கொடுத்தால் விருந்தாளி எங்கே போய் நிற்பார்? நீங்கள் போய் நின்ற இடம் எச்பிஜி1 என்ற மரபணுவின் ஓரம். எச்பிபி போலவே அதுவும் குளோபின் குடும்பம்தான் என்பதால் "சரியாகத்தான் வந்திருக்கிறோம்" என்று நம்பிவிடவும் வாய்ப்புண்டு. நல்ல வேளை, நீங்கள் சந்தேகப்பட்டீர்கள்.

இந்த இடத்தில் இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 21,230. அதை மனப்பாடம் செய்துகொண்டு மற்ற இடங்களிலும் கழிக்காதீர்கள், ஒவ்வோர் இடத்திலும் அது மாறும். யுசிஎஸ்சியிலேயே லிஃப்ட்ஓவர் என்ற கருவி இருக்கிறது, அதில் மாற்றிக்கொள்ளுங்கள். 2022இல் முழுமை பெற்ற டி2டி வரைபடமும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது, அதன் எண்கள் இன்னும் வேறு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இது நடந்தது. வெளியிலிருந்து வந்த பட்டியலில் எந்த அசெம்பிளி (அதாவது எந்த வரைபடப் பதிப்பு) என்று எழுதியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் தப்பான இடங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து என் கோப்புகள் ஒவ்வொன்றின் பெயரிலும் அசெம்பிளியைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அடுத்து நீங்கள் தடுக்கி விழப்போகும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 5,226,943க்குப் போய் நன்றாகப் பெரிதாக்கினால் அங்கே டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் (ஏ, சி, ஜி, டி) சி தெரியும். கட்டுரையோ ஜி என்பது ஏ ஆகிறது என்கிறது. குழம்ப வேண்டாம். எச்பிபி மரபணு வலமிருந்து இடமாக, டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எதிர் இழையில் படிக்கப்படுகிறது. மரபணுக் கோட்டின் மேல் சின்னச் சின்ன அம்புகள் இடப்பக்கம் பார்த்திருப்பது அதனால்தான். ஜிக்கு எதிரே சி, ஏக்கு எதிரே டி. ஆக, பிரௌசரில் இந்த மாற்றம் சி, டி ஆவதாகத் தெரியும்.

மருத்துவ ஆய்வகத்தில் உதவியாளர் நான். வேரியண்ட் கோப்பை (மரபணு மாற்றங்களின் பட்டியலை) பிரௌசரில் ஏற்றினேன், பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் டிராக் (அந்தத் தரவைக் காட்டும் வரிசை) காலியாக இருக்கிறது.

உங்கள் கோப்பில் குரோமோசோம் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். யுசிஎஸ்சி வழக்கத்தில் "சிஎச்ஆர்11", என்செம்பில் என்ற இன்னொரு பிரௌசரின் வழக்கத்தில் வெறும் "11". இரண்டும் பொருந்தாவிட்டால் சில மென்பொருள்கள் சத்தமில்லாமல் காலியாக விட்டுவிடும். அது சரியாக இருந்தால், மேலே சொன்ன அசெம்பிளியைச் சரிபாருங்கள்.

என் முழு ஜீனோமையும் வெளிநாட்டு நிறுவனத்தில் பரிசோதித்து பிஏஎம் கோப்பு (இயந்திரம் படித்த டிஎன்ஏ துண்டுகளின் தரவு) வாங்கினேன். 60 ஜிபிக்கு மேல் இருக்கிறது. இதை எப்படி அப்லோட் செய்வது? ஐஜிவி என்ற பிரௌசரின் படத்தில் சில இடங்களில் சிவப்பாக இருந்ததாக நண்பர் சொன்னார். பயமாக இருக்கிறது.

பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். ஐஜிவியில் சிவப்பு என்பது அபாய விளக்கு அல்ல, டி என்ற எழுத்தின் நிறம். ஏ பச்சை, சி நீலம், ஜி ஆரஞ்சு கலந்த பழுப்பு. ஒப்பிடப் பயன்படும் பொது வரைபடத்திலிருந்து (எச்ஜி38 போன்றது) உங்கள் எழுத்து வேறுபடும் இடங்களில் மட்டும் இந்த எழுத்து நிறங்கள் தெரியும். சராசரி மனிதர் ஒருவரிடம் அப்படி 40 முதல் 50 லட்சம் இடங்கள் இருக்கும். ஆரோக்கியமானவர்களுக்கும் அப்படித்தான்.

ஓர் இடத்தில் முப்பது ரீட்கள் (இயந்திரம் படித்த டிஎன்ஏ துண்டுகள்) அடுக்கியிருந்து, ஏறத்தாழ பாதியில் டி தெரிந்தால், பெற்றோரில் ஒருவரிடமிருந்து அந்த மாற்றம் வந்திருக்கலாம். முப்பதில் ஒன்றிரண்டு மட்டும் என்றால் அநேகமாக அது இயந்திரத்தின் பிழை.

எதையும் அப்லோட் செய்ய வேண்டியதில்லை. பிஏஎம் கோப்போடு பிஏஐ என்ற சிறு கோப்பும் வந்திருக்கும். அது புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி, எந்த இடத்துத் தரவு கோப்பின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று சொல்லும். ஐஜிவி வெப் பக்கத்தைத் திறந்து, உங்கள் கணினியிலிருந்தே இரண்டு கோப்புகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் பார்க்கும் சிறு பகுதியை மட்டும் அது படித்துக் காட்டும், கோப்பு உங்கள் கணினியை விட்டுப் போகாது. யுசிஎஸ்சியில் அப்படியில்லை, பிஏஎம் கோப்பை ஏதாவது ஒரு இணைய முகவரியில் வைத்தாக வேண்டும். சொந்த ஜீனோமை அப்படிப் பொதுவெளியில் வைக்காதீர்கள். அது உங்களுடையது மட்டுமல்ல, உங்கள் பிள்ளைகளுடையதும் உடன்பிறந்தவர்களுடையதும்கூட.

ஏதாவது ஒரு மாற்றம் மனதை உறுத்தினால் அது நம் மக்களிடையே எவ்வளவு பரவலானது என்று பாருங்கள். பல மக்களினங்களின் மரபணு மாற்றங்களைத் தொகுத்துக் காட்டும் நோமேட் பிரௌசரில் தெற்காசியர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. இப்படிக் கணக்கெடுப்பதில் சிங்கப்பூரின் பங்கும் பெரிது. 2019இல் வெளியான எஸ்ஜி10கே ஆய்வில் 4,810 பேரின் முழு ஜீனோம்கள் இருந்தன, அவர்களில் 1,127 பேர் இந்தியர்கள். ஐரோப்பியர்களிடம் அரிதாக இருக்கும் ஒன்று நம்மிடம் சகஜமாக இருக்கலாம். அரிதானது என்பதற்காகவே ஒன்றை நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடுவதைத் தடுக்க இந்தக் கணக்குகள் மிகவும் தேவை. அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் மரபணு ஆலோசகரிடம் போய், மருத்துவ ஆய்வகத்தில் மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள். திரையைப் பார்த்து நோயைத் தீர்மானிக்காதீர்கள்.

நாங்கள் ஆராயும் தாவரம் யுசிஎஸ்சியிலும் இல்லை, என்செம்பிலிலும் இல்லை. என்ன செய்யலாம்?

ஜேபிரௌஸ் 2. உங்கள் வரிசைத் தொடர் கோப்பும் மரபணுக் குறிப்புக் கோப்பும் இருந்தால் போதும், சொந்த பிரௌசரையே அமைத்துக்கொள்ளலாம். இலவசம்.

யுசிஎஸ்சி இங்கிருந்து மெதுவாக இருக்கிறது. போஸ்டருக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எழுத்தும் மங்கலாகிறது.

ஆசியாவுக்கான மிரர் (அதே தளத்தின் நகல்) ஜப்பானில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். வியூ மெனுவில் பிடிஎஃப் என்று இருக்கிறது, அதில் எடுத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து மங்காது. படத்தின் கீழே எச்ஜி38 என்று மறக்காமல் போட்டுவிடுங்கள்.