ஷாம்பு போட்டுக் கழுவிய கார்பெட் ஏன் சீக்கிரமே கறுத்துப் போகிறது?

கேள்வி: கூடத்தில் போட்டிருக்கும் கார்பெட்டை ஷாம்பு போட்டுச் சுத்தம் செய்தால் ஒரு வாரம்தான் பளிச்சென்று இருக்கிறது, பிறகு முன்பைவிட அழுக்காகத் தெரிகிறது. டீ கொட்டிய கறையும் போன இடத்திலேயே மறுபடி வந்து நிற்கிறது. கார்பெட்டை எப்படித்தான் பராமரிப்பது?

பதில்:

இரண்டு தொல்லைக்கும் காரணம் பெரும்பாலும் நீங்கள் ஊற்றிய தண்ணீரும், அலசாமல் விட்ட சோப்பும்தான்.

துணியைத் துவைத்தால் இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசுகிறோம். கார்பெட்டை அப்படி யாரும் அலசுவதில்லை. நுரையைத் தேய்த்து, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துக் காயவிடுகிறோம். தண்ணீர் ஆவியாகிவிடும், சோப்பு எங்கும் போகாது. நூலின் மேல் பிசுக்காகப் படிந்து, ஒவ்வொரு காலடியிலும் வரும் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் கறுத்த இடத்தில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரைத் தெளித்து, ஒரு வெள்ளைத் துணியால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். சோப்பே போடாமல் நுரை கட்டினால் அது பழைய ஷாம்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் 50 மி.லி. வெள்ளை வினிகர் கலந்து, நனைய நனைய ஊற்றாமல் ஸ்ப்ரே பாட்டிலால் தெளித்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். நுரை நிற்கும்வரை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

டீக்கறை திரும்பி வருவது வேறு சங்கதி. டீ கொட்டியவுடன் நூல் வழியாக அடிவரை இறங்கி, அடித்துணியில் பரவிவிடுகிறது. மேலே கையகலம் தெரிந்தால் அடியில் தட்டகலம் இருக்கும். நீங்கள் துடைப்பது மேல்நூலை மட்டும்தான். ஈரம் காயும்போது ஆவியாவது நூலின் நுனியில். அடியில் நிற்கும் திரவம் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நூலைப் பிடித்து ஏறி வருகிறது, நுனிக்கு வந்ததும் தண்ணீர் மட்டும் போய்விடச் சாயம் அங்கேயே தங்குகிறது. அதனால்தான் ராத்திரி சுத்தமாக இருந்த இடம் காலையில் பழுப்பாகத் தெரிகிறது. இதற்கு மேலும் தேய்ப்பதில் பயனில்லை. கறையை லேசாக ஈரப்படுத்தி, அதன்மேல் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை டிஷ்யூ பேப்பரை அடுக்கி, கனமான புத்தகங்களை ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள் (புத்தகம் நனையாமலிருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள்). ஏறி வரும் சாயம் நூல் நுனியில் நிற்காமல் பேப்பருக்குள் போய்விடும். காலையில் எடுத்துப் பார்த்தால் அடித்தாளில் கறை அப்படியே அச்சாகியிருக்கும். பேப்பரில் நிறம் இறங்கிக்கொண்டே இருக்கும்வரை இதைத் திரும்பச் செய்யலாம்.

இனி எதைச் செய்வதற்கு முன்பும் உங்கள் கார்பெட் எந்த நூல் என்று தெரிந்துகொள்ளுங்கள். பின்பக்கச் சீட்டு கிழிந்து போயிருந்தால், ஓரத்திலிருந்து நாலைந்து நூலைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். நைலான், பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் எல்லாம் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். காகிதம் எரிவதுபோல எரிந்து மெல்லிய சாம்பல் வந்தால் பருத்தி, சணல் அல்லது விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் நூல்). பட்டும் கம்பளி மாதிரியே முடிவாடைதான் வீசும். "ஆர்ட் சில்க்", "மூங்கில் பட்டு" என்றெல்லாம் விற்கப்படும் பளபளப்பான விரிப்புகள் பெரும்பாலும் விஸ்கோஸ். கொளுத்தினால் காகித வாடை வந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

இது ஏன் முக்கியம்? கம்பளி புரதம். காரம் அதற்கு ஆகாது. குளோரின் ப்ளீச் அதைக் கரைத்தே விடும். துணி துவைக்கும் சோப்புத்தூளில் காரமும் உண்டு, பல தூள்களில் புரதத்தைத் தின்னும் என்சைமும் உண்டு, ஆகவே அந்தப் பக்கமே போகக் கூடாது. pH (அமில-கார அளவு) 5 முதல் 8க்குள் இருக்கும், கம்பளிக்கென்றே வரும் திரவம்தான் சரி. விஸ்கோஸ் ஈரமானால் வலுவிழக்கும், காயும்போது மஞ்சள் தட்டும், நூல் படிந்து விறைத்துவிடும். அதை வீட்டில் தண்ணீர் காட்டாமல் இருப்பதே நல்லது. பாலிப்ரொப்பிலீன் தண்ணீருக்குக் கவலைப்படாது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துக்கொள்ளும், சூடும் ஆகாது. கனமான சோபாவை அதன்மேல் தரதரவென்று இழுத்தால் உராய்வுச் சூட்டிலேயே நூல் உருகிக் கோடு விழும். அந்தக் கோடு எந்தச் சோப்புக்கும் போகாது.

தினப்படிப் பராமரிப்பு என்று பார்த்தால் வேக்குவம்தான் பாதி வேலை, ஏன் முக்கால்வாசி வேலை. கார்பெட்டில் சேர்வதில் பெரும்பங்கு காய்ந்த மண், தூசி, தோல் துகள், நூல் துணுக்கு. மண்துகளுக்கு முனை உண்டு. அடியில் தங்கி, மிதிக்கும்போதெல்லாம் நூலைக் கீறி அறுக்கும். நடைபாதையில் மட்டும் கார்பெட் மங்கித் தெரிவதற்கு அந்தக் கீறல்தான் காரணம். கீறிய நூலில் வெளிச்சம் சிதறும், எவ்வளவு கழுவினாலும் பழைய பளபளப்பு வராது. இந்த மண்ணை எடுக்காமல் தண்ணீர் விட்டால் அது சேறு. சேற்றை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆள் நடமாடும் இடத்தில் வாரம் இரண்டு முறை, மற்ற இடத்தில் ஒரு முறை. அவசரமாக முன்னும் பின்னும் தள்ளுவது வீண், ஒரு மீட்டரைக் கடக்க நாலைந்து விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் ஒரே இடத்தில் நான்கு முறை, குறுக்கும் நெடுக்குமாக. சுழலும் பிரஷ் உள்ள மெஷின் வெட்டுநூல் கார்பெட்டுக்கு (நூல் நுனி வெட்டுப்பட்டு நிற்கும் ரகம்) நல்லது. நூல் வெட்டாமல் வளையமாக நிற்கும் வளையநூல் கார்பெட்டிலும், நீள நூல் தொங்கும் ஷாகி ரகத்திலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு உறிஞ்ச மட்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு வளையம் மாட்டினாலும் வரிசையாக உருவிக்கொண்டு வந்துவிடும். ஓரக் குஞ்சத்தின் மேல் மெஷினை ஏற்றவே வேண்டாம். கைமுடிச்சு விரிப்பில் குஞ்சம் என்பது பாவு நூலின் (நீளவாட்டில் ஓடும் நூல்) நுனி, அது பிய்ந்தால் முடிச்சுகள் அவிழத் தொடங்கும். தூசிப்பை முக்கால் நிறைந்ததும் காலி செய்யுங்கள், அதற்குமேல் மெஷின் சத்தம்தான் போடும்.

தரையோடு ஒட்டாத விரிப்பாக இருந்தால் மாதம் ஒரு முறை கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தை வேக்குவம் செய்யுங்கள். பிறகு தூக்கிப் பார்த்தால் தரையில் நறநறவென்று மணல் கிடக்கும். அதைப் பெருக்கிவிட்டு மறுபடி கவிழ்த்து, மணல் விழுவது குறையும்வரை செய்ய வேண்டும். கொடியில் போட்டு அடிப்பது நெய்த விரிப்புக்குப் பரவாயில்லை. பின்பக்கம் துணி ஒட்டிய ரகத்துக்குக் கூடாது. அந்த ஒட்டு ரப்பர் பால், நாளானால் பொரிந்து மாவாகும். விரிப்புக்கு அடியில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மாவு உதிர்ந்து கிடந்தால் அது அந்த ரப்பர்தான். அப்படிப்பட்டதை நனைக்கவும் கூடாது.

ஏதாவது கொட்டினால் முதல் பத்து நிமிஷம்தான் கணக்கு. கெட்டியானதைக் கரண்டி ஓரத்தால் வழித்தெடுங்கள். திரவத்தை வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள் (சாயத் துணி என்றால் அதன் சாயமும் சேர்ந்து ஏறும்). வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வர வேண்டும், நடுவிலிருந்து போனால் கறை விரியும். தேய்த்தால் நூல் முறுக்கு அவிழ்ந்து, கறை போனாலும் அந்த இடம் பிசிறடித்துத் தெரியும். துணியை வைத்து அதன்மேல் ஏறி நிற்பது கையால் அழுத்துவதைவிட நன்றாக உறிஞ்சும். பிறகு கொஞ்சம் வெறும் தண்ணீர், மறுபடி ஒற்றல். அதற்கும் போகாவிட்டால்தான் சோப்பு: ஒரு கப் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் கால் டீஸ்பூன். கால் டீஸ்பூன்தான், ஒரு சொட்டுகூட அதிகம் வேண்டாம். முடிந்ததும் வெறும் தண்ணீரால் இரண்டு முறை அலசி ஒற்றுங்கள். எந்தக் கலவையையும் முதலில் மறைவான மூலையில் ஒவ்வொரு நிறத்திலும் வைத்து, ஈர வெள்ளைத் துணியை ஐந்து நிமிஷம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ரத்தக்கறைக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும், வெந்நீர் பட்டால் புரதம் உறைந்து பிடித்துக்கொள்ளும். எண்ணெய் கொட்டினால் தண்ணீரைத் தொடாமல் சோளமாவைத் தூவி ஒரு மணி நேரம் ஊறவிட்டு உறிஞ்சுங்கள். மிச்சத்துக்கு ரப்பிங் ஆல்கஹாலை (ஊசி போடுமுன் தோலில் தடவும் ஸ்பிரிட்) துணியில் நனைத்து ஒற்றலாம். நேரடியாக ஊற்றினால் பின்பக்கப் பசை இளகும். சூயிங்கமும் மெழுகும் பனிக்கட்டி வைத்து இறுக்கினால் உடைந்து வரும்.

செல்லப்பிராணியின் சிறுநீர்தான் உண்மையான தலைவலி. புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் அமிலத்தன்மை. பாக்டீரியா அதைச் சிதைக்கச் சிதைக்க அம்மோனியா உண்டாகிக் காரமாகிறது, சாயமும் வெளுக்கிறது. அதிலுள்ள யூரிக் அமிலம் படிகமாகத் தங்கி, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் வாடையைக் கிளப்பும். என்சைம் கிளீனர் வேலை செய்ய வேண்டுமானால் சிறுநீர் இறங்கிய ஆழம்வரை அதுவும் இறங்க வேண்டும், காயாமலும் இருக்க வேண்டும். மேலே இரண்டு பீய்ச்சு பீய்ச்சிவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்பவர்கள்தான் அதிகம். தாராளமாக நனைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, பாட்டிலில் சொன்ன நேரம் விட்டு, பிறகு ஒற்றிக் காயவையுங்கள். கம்பளிக்கு, கம்பளியில் போடலாம் என்று எழுதியிருக்கும் ரகம் மட்டும். இடம் தெரியாவிட்டால் இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், திட்டுத் திட்டாக ஒளிரும். அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம், அதன் வாடையை மோப்பம் பிடித்துப் பிராணி மறுபடி அங்கேயே சிறுநீர் கழிக்கும்.

பேக்கிங் சோடா பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் சொல்கிறார்கள் என்று மாதாமாதம் கொட்டாதீர்கள். நுண்ணிய தூள் முழுவதும் திரும்ப வராது, அடியில் தங்கும், வேக்குவத்தின் ஃபில்டரையும் அடைக்கும். எப்போதாவது வாடைக்கு லேசாகத் தூவினால் போதும்.

முழுசாகக் கழுவுவது வருஷத்துக்கு ஒரு முறை, நடமாட்டம் குறைந்த அறையில் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு முறை. தண்ணீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சும் மெஷின் வாடகைக்குக் கிடைத்தால் அதுதான் மேல். முந்தின நாள் நிதானமாக வேக்குவம். ஷாம்பு பாட்டிலில் சொன்னதில் பாதி. ஒரு தடவை பீய்ச்சினால் பீய்ச்சாமல் மூன்று தடவை உறிஞ்சுங்கள், குழாயில் தண்ணீர் ஓடுவது நிற்கும்வரை. கடைசிச் சுற்று வெறும் தண்ணீர். கம்பளிக்கு வெந்நீர் கூடாது.

உலர்த்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஈரம் 24 முதல் 48 மணி நேரம் நின்றாலே பூசணம் பிடிக்கத் தொடங்கும், சணல் அடித்துணி பழுப்பை மேலே கக்கும். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் காய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியைத் தரை மட்டத்தில் வைத்து கார்பெட்டின் மேல் காற்று ஓடச் செய்யுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள். விரிப்பாக இருந்தால் நாற்காலிகளின் மேல் தூக்கிப் போட்டால் அடியிலும் காற்றுப் போகும். வெயிலில் போடுவதென்றால் பின்பக்கம் மேலே இருக்கட்டும். மேல்நூல் காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடி ஈரமாக இருக்கும், நூலை விலக்கி உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள், சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை விரிப்பைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் வெயிலும் தேய்மானமும் ஒரே பக்கம் விழாது. மேஜைக்கால் பள்ளத்தில் ஒரு பனிக்கட்டியை வைத்து உருகவிட்டு, ஈரத்தை ஒற்றி, கரண்டிக் காம்பால் நூலை நிமிர்த்தலாம். கம்பளி விரிப்பில் சோபா, பீரோ அடிப்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். அந்துப்பூச்சிப் புழுவுக்கும் கார்பெட் வண்டின் புழுவுக்கும் இருட்டும் அசையாத இடமும்தான் பிடிக்கும். வழுக்கையாக அரித்த திட்டு, மணல் போன்ற எச்சம், அரிசி போன்ற கூடு தெரிந்தால் இரண்டு பக்கமும் உறிஞ்சி, பையை உடனே வெளியே எறியுங்கள். எடுத்து வைப்பதானால் மடிக்காமல் குழாயில் சுருட்டி, பருத்தித் துணியால் சுற்றி, தரையில் படாமல் வையுங்கள். சுருட்டும்போது நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

எங்காவது ஒரு நூல் மட்டும் தலை நீட்டினால் இழுக்காதீர்கள். கத்தரியால் மற்ற நூல்களின் உயரத்துக்கு வெட்டிவிட்டால் போதும்.