‘ஐயோ அம்மா’ நீச்சல்

வாசகர் கேள்வி–பதில்

போன இதழில், ஜனவரிக் குளிரில் ஸ்காட்லாந்துக் கடலில் நான் இறங்கிய கதையை இரண்டே வரியில் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. 28 வருடம் இங்கே சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தேன், அப்போதுகூட யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: மகள் ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் படிக்கிறாள். டிசம்பரில் அவளைப் பார்க்கப் போகிறோம். அவளும் தோழிகளும் வாராவாரம் போர்ட்டபெல்லோ கடலில் குளிக்கிறார்களாம், “நீயும் வாம்மா” என்கிறாள். எனக்கு 52 வயது. இங்கே வாரம் மூன்று நாள் குளத்தில் ஒரு கிலோமீட்டர் நீந்துகிறேன். போகலாமா? (வாசகி, ஈசூன்)

போகலாம். முதலில் மருத்துவரை ஒரு தடவை பாருங்கள். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால், அவர் சரியென்று சொல்லாமல் கால்கூட நனைக்க வேண்டாம். அவர் சரியென்றால் தாராளமாகக் கிளம்புங்கள். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டரைச் சாங்கி விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நான் அப்படி விட்டுவிட்டுப் போகவில்லை. என் தங்கையும் எடின்பரோவில்தான் குடியிருக்கிறாள். ஜனவரி மாதம், காலை ஒன்பது மணி, அப்போதுதான் வெளிச்சமே வருகிறது. கடல் 6 டிகிரி. நம் ஊர்க் குளத்துத் தண்ணீர் 28 டிகிரிக்குக் குறைந்தாலே “ஜில்லுனு இருக்கே மிஸ்” என்று பிள்ளைகள் படியில் உட்கார்ந்துவிடுவார்கள். தங்கையின் கூட்டத்தில் ஏழு பெண்கள், எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். தலையில் கம்பளித் தொப்பி, கையில் நியோப்ரீன் என்ற தடித்த ரப்பர் உறை. ‘இவர்களுக்கு நீச்சலே சரியாக வராது போலிருக்கே’ என்று மனசுக்குள் ஒரு இளக்காரம். அவர்கள் மணிக்கட்டை நனைத்து, பிடரியை நனைத்து, அடிமேல் அடி வைத்து இறங்கிக்கொண்டிருக்க, நான் விடுவிடுவென்று இடுப்பளவு தண்ணீருக்குப் போய் ஒரே முங்கு.

மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை. வாய் தானாகத் திறந்து காற்றை இழுக்கிறது, மறுபடி இழுக்கிறது, வெளியே விட மட்டும் வழி தெரியவில்லை. தோல் சட்டென்று குளிர்ந்தால் உடம்பு அப்படித்தான் செய்யும், இதயமும் படபடக்கும். எவ்வளவு பெரிய நீச்சல்காரராக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் நாம் இழுப்பது காற்றாக இருக்காது. குதிக்காதே, முங்காதே என்று சொல்வது இதனால்தான். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகத் தணிந்துவிடும். அதுவரை நீந்தவே வேண்டாம், சும்மா நின்றால் போதும்.

எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி வந்து என் தோளைப் பிடித்து, “கத்து” என்றார். நானும் “ஐயோ அம்மா!” என்று கத்தினேன். கத்த வேண்டுமென்றால் மூச்சு வெளியே போய்த்தானே ஆக வேண்டும்? சூட்சுமம் அவ்வளவுதான். அவருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய்விட்டது. அடுத்த நிமிடம் ஏழு பெண்களும் அலையில் நின்று “ஐயோ அம்மா, ஐயோ அம்மா” என்று கோரஸாகக் கத்துகிறார்கள். நடைபாதையில் நாயோடு போன ஒருவர் நின்று பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மூச்சும் திரும்பி வந்தது.

அதற்கப்புறம்தான் சுகம். ஊசி குத்தி, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்து, பிறகு உடம்பு அமைதியாகிவிட்டது. கழுத்தளவு தண்ணீரில் வட்டமாக நின்று, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று பேசினார்கள். இருந்தது மொத்தம் நான்கு நிமிடம். நீந்தியது பத்துக் கை இருக்குமா? அதற்குள்ளேயே விரல்கள் விறைத்துத் தண்ணீரைப் பிடிக்க மறுத்தன. நீங்களும் கால் எட்டும் ஆழத்தில், கரையை ஒட்டியே இருங்கள்.

வெளியே வந்ததும் ஆபத்து முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கரையேறிய பிறகும் சிறிது நேரம் உடம்பின் உள்சூடு இறங்கிக்கொண்டேதான் போகும். பத்து நிமிடம் கழித்துத்தான் எனக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. ஸ்வெட்டர் பட்டனைப் போட முடியவில்லை. பட்டனைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே விரலுக்குத் தெரியவில்லை. தங்கை குனிந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். பாலர் பள்ளிக்கு அவளை அனுப்பும்போது நான் போட்டுவிட்ட பட்டன்கள் நினைவுக்கு வந்தன. அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள் போல, கடைசிப் பட்டனைப் போட்டுவிட்டு என் கன்னத்தைத் தட்டினாள்.

ஆகவே, இறங்குவதற்கு முன்பே துணியை அடுக்கி வையுங்கள். எதை முதலில் போடுவீர்களோ அது மேலே. ஈரத்தைக் கழற்றித் துடைத்து, மேலுடம்பை முதலில் மூடுங்கள். ஃபிளாஸ்கில் இஞ்சி டீ, கடிக்க இனிப்பாக ஏதாவது. உடனே சுடுதண்ணீரில் நிற்காதீர்கள், தலை சுற்றிவிடும். நடுக்கம் நிற்கும்வரை மகளைக் கார் ஓட்டவும் விடாதீர்கள்.

கேள்வி: நீச்சலுடையில் நாலு பேர் முன்னால் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது? (வாசகி, உட்லண்ட்ஸ்)

கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் நியோப்ரீன் உடை இருக்கிறது. குளிருக்கும் நல்லது, கூச்சத்துக்கும் நல்லது. அதைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. நனைந்த இறுக்கமான பைஜாமாவை உரித்தெடுப்பதுபோல் இருக்கும், கூட ஒருவர் இழுக்க வேண்டும்.

கேள்வி: விமான டிக்கெட் வாங்காமல் சிங்கப்பூரிலேயே இந்த அனுபவம் கிடைக்குமா? (வாசகர், பிடோக்)

கிடைக்காது. நம் கடல் வருடம் முழுக்க ஏறக்குறைய 27 முதல் 31 டிகிரி. கிழக்குக் கடற்கரையில் இறங்கினால் ஆறிப்போன சூப்பில் இறங்கியதுபோல்தான். நீர்த்தேக்கங்களில் குளிக்க அனுமதி இல்லை, அனுமதித்தாலும் அது குளிராது. இயற்கை நமக்குக் கொடுத்திருப்பது செம்பவாங் வெந்நீர் ஊற்று. ஊற்றுக்கண்ணில் 70 டிகிரி, முட்டை அவிக்கலாம்.

ஆனாலும் ஒரு வழி சொல்கிறேன். டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாள் விடாமல் தூறும் பாருங்கள், அந்தக் காலையில் ஏழு மணிக்குத் திறந்தவெளிப் பொதுக் குளத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். நம் உடம்புக்கு அதுவே போதிய குளிர். குளம் காலியாக இருக்கும். பேரப்பிள்ளைகளின் உதடு நீலமாகும் முன் வெளியே வந்து, பக்கத்து உணவங்காடியில் சுடச்சுட ஆட்டுக்கால் சூப்பும் ரொட்டியும். இடி எச்சரிக்கை ஒலித்தால் ‘இன்னும் ஒரு சுற்று’ என்று பேரம் பேசாமல் ஏறிவிடுங்கள். மின்னலில் நம் ஊர் யாருக்கும் இளைத்ததில்லை.

குளியல் தொட்டியில் பனிக்கட்டியைக் கொட்டித் தனியாக உட்காரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது வேண்டவே வேண்டாம். தவிர, தனியாக உட்கார்ந்து நடுங்குவதில் என்ன சந்தோஷம்?

கேள்வி: குளிர்ந்த நீரில் குளித்தால் சளி பிடிக்கும், ஜன்னி வரும் என்று மாமியார் பயமுறுத்துகிறார். (வாசகி, சுவா சூ காங்)

சளி கிருமியால் வருகிறது, தண்ணீரால் இல்லை. ஆனால் ஈரத்தலையோடு காற்றில் நிற்காதே என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். எடின்பரோ பாட்டியும் கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் அதையேதான் சொன்னார்.

உங்கள் மாமியார் குற்றாலம் போயிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். என் அத்தை இப்படித்தான், வீட்டில் வெந்நீர் இல்லாமல் குளிக்க மாட்டார். ஒரு ஜூலை மாதம், சாரல் நேரத்தில், தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு ஐந்தருவியில் நுழைந்தவரை வெளியே இழுக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. வந்ததும் நடுங்கிக்கொண்டே நான்கு மிளகாய் பஜ்ஜி தின்றார். கூட்டமாகப் போவது, கத்துவது, நடுங்குவது, தின்பது. ஸ்காட்லாந்தில் நடப்பதும் இதேதான், பஜ்ஜி மட்டும் கிடையாது.

கேள்வி: இதனால் மனச்சோர்வு நீங்கும், ஆயுள் கூடும் என்கிறார்களே? (வாசகர், தோ பாயோ)

நான் மருத்துவர் இல்லை. குளிர்ந்த நீரில் அட்ரினலின் போன்ற சுரப்புகள் கூடும், வெளியே வந்ததும் மனசு லேசாக இருக்கும். அது எனக்கே நடந்தது. ஆனால் அது தண்ணீர் செய்த வேலையா, காலை வெளிச்சம் செய்ததா, ஏழு தோழிகள் செய்ததா? ஆய்வாளர்களுக்கே பிரித்துச் சொல்வது சிரமம். எனக்குத் தோழிகள் மேல்தான் சந்தேகம். மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள்.

கேள்வி: குடும்பத்தோடு லண்டன் போகிறோம். அங்கே ஹாம்ப்ஸ்டெட் ஹீத் பூங்காவின் திறந்தவெளிக் குளத்தில் யார் அதிக நேரம் தாக்குப்பிடிப்பது என்று தம்பிக்கும் எனக்கும் 200 வெள்ளி பந்தயம். பயிற்சிக் குறிப்பு தர முடியுமா? (வாசகர், ஜூரோங்)

தர மாட்டேன். இலங்கை வல்வெட்டித்துறை நீச்சல் வீரர் ஆழிக்குமரன் ஆனந்தனைத் தெரியுமா? 1971-இல் பாக்கு நீரிணையை இந்தியக் கரைவரை நீந்தி, அப்படியே திரும்பியும் நீந்தினார். மொத்தம் 51 மணி நேரம். அப்பேர்ப்பட்ட மனிதர் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். நீங்களும் உங்கள் தம்பியும் ஜூரோங்கில் வளர்ந்தவர்கள்.

குளிரில் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று தோன்றுவதே சில சமயம் கெட்ட அறிகுறி. புத்தி மந்தமாவது நமக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். பந்தயத்தில் அந்தப் பக்கத்து ஆளையே எதிராளியாக்கிவிடுகிறீர்கள்.

பந்தயம் கட்டாமல் இருக்க முடியாது என்றால் இப்படிக் கட்டுங்கள்: யார் கடைசியாகக் கரையேறுகிறாரோ, அவர்தான் அந்த 200 வெள்ளியில் குடும்பத்துக்கே சாப்பாடு வாங்கித் தர வேண்டும்.